கரி வேண்டாத காப்பிரி

கமலக்கண்ணன் ஒரு வாக்குக் கொடுத்தால் மீற மாட்டார். அந்த வீட்டில் பெரிய ஆபத்தே அதுதான்.

மூன்று நாளைக்கு முன் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, தங்கை மேனகாவுக்கு அவர் கொடுத்த வாக்கு அவருடைய மனைவி ஆதிலட்சுமிக்கு எழுத்து மாறாமல் நினைவிருந்தது.

"சரி. இந்த போகிக்கு யாருக்கும் கரி பூச மாட்டோம். போதுமா?"

மேனகா போதும் என்றாள். அண்ணன் இவ்வளவு இறங்கி வந்ததே பெரிது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். எட்டு வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் அல்லவா! பிரான்சில் மேற்படிப்புக்குப் போன தங்கை, மார்த்தினிக் தீவிலிருந்து வந்த ஜூலியன் என்ற கறுப்பினத்து ஆளைக் கட்டிக்கொண்டாள் என்று தெரிந்த அன்றைக்கு வாயை மூடியவர். இந்தப் பொங்கலுக்குத்தான் "வந்துட்டுப் போவட்டும்" என்று திறந்தார். மேனகா ஏழு வயது மகள் அபியோடு முன்னால் வந்துவிட்டாள். ஜூலியன் காணும் பொங்கலுக்கு வருவதாக ஏற்பாடு.

வந்து ஐந்து நாள் ஆகிறது. அம்மாவை 'மமான்' என்று கூப்பிடும் அபி, தினமும் காலையில் மாமாவின் எதிரே போய் நின்று "போன்ழூர் மாமா" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லும். அவர் பேப்பரைத் திருப்புவார். வேலை பார்த்த ஆலை மூடிய பிறகு கமலக்கண்ணனுக்கு வெள்ளைக்காரத் தெருவில் ஒரு ஓட்டலில் வாசல் கதவைத் திறந்துவிடும் வேலை. ஒரு நாளைக்கு நூறு போன்ழூர் சொல்கிற வாய் அது. வீட்டுக் குழந்தைக்கு ஒன்று சொல்ல அதற்கு வலித்தது.

அந்த ஒன்றுக்காகத்தான் ஆதிலட்சுமி காத்திருந்தாள். அவர் அந்தக் குழந்தையைத் தொட்டு ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், அப்புறம் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று ஐந்து நாளாக சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

கரி சமாசாரம் வேறொன்றுமில்லை. முத்தியால்பேட்டையில் இவர்களுக்கு 'சொல்தா வீடு' என்று பெயர். கமலக்கண்ணனின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, கனமான ஒரு காக்கிக் கோட்டோடும் ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பற்றிய பயங்கரக் கதைகளோடும் திரும்பி வந்தவர். அந்தச் சிப்பாய்களை அவர் 'காப்பிரி' என்பார். பிள்ளைகளை மிரட்ட அவர் தொடங்கிய விளையாட்டு, அந்த வீட்டில் மட்டும் போகிச் சடங்காக ஒட்டிக்கொண்டது.

வீட்டில் ஒருத்தர் கரியை எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசி, அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே ஒளிந்திருப்பார். தெருப் பிள்ளைகள் போகி மோளத்தோடு வந்து, காப்பிரியைக் கண்டுபிடித்து, வேப்பங்கொத்தால் அடித்து வாசலுக்கு வெளியே துரத்துவார்கள். பிள்ளைகள் உள்ளேயே நின்றுகொள்ள, வீட்டுக்காரி தாழ்ப்பாள் போடுவாள். காப்பிரி பக்கத்துச் சந்து வழியாகப் போய், கொல்லைக் குழாயில் முகம் கழுவி, மனுஷனாகப் பின்வாசல் வழியே உள்ளே வருவான். பழையது கழிந்தது என்று அர்த்தம்.

"நாலு தலைமொறையா நடக்குது. அதுல யாருக்கு இன்னா நஷ்டம்?" என்று கேட்டிருந்தார் கமலக்கண்ணன்.

"அபியோட அப்பா யாருன்னு தெரிஞ்சுமா கேக்குற?" என்றாள் மேனகா. அதன் பிறகுதான் அந்த வாக்கு வந்தது.

போகி விடிந்தது. தெரு முழுக்கப் புகை. பழைய பாயும் கிழிந்த முறமும் வாசலில் எரிந்து அடங்கிக்கொண்டிருந்தன. மேனகா ஸ்கூட்டரை எடுத்தாள்.

"பெரிய மார்க்கெட் வரைக்கும் போயி மஞ்சக்கொத்தும் பூவும் வாங்கியாந்துர்றேன் அண்ணி. அபி தூங்குது. எழுந்தா பால் குடு."

"நான் பாத்துக்க மாட்டனா? நீ போயிட்டு வா."

அவள் போன பத்தாவது நிமிஷம் பிள்ளைகள் மோளத்தோடு வந்து நின்றார்கள். ஏழெட்டுப் பேர் இருக்கும்.

"காப்பிரி எங்க? காப்பிரி எங்க?"

மகன் ராஜ்கமல் வாசலுக்குப் போனான். காலேஜில் படிக்கிற பையன். மூன்று வருஷமாக அவன்தான் காப்பிரி. "இந்த வருசம் இல்லடா. போங்க போங்க" என்றான்.

பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது. எதிர்வீட்டுச் சின்னப்பாப்பா வாசல் தெளித்துக்கொண்டே, "சொல்தா வூட்ல காப்பிரி இல்லியா? அப்புறம் இன்னா போகி?" என்றாள். அது கமலக்கண்ணனின் காதில் விழுந்தது. தெருவில் தன் வீட்டுப் பெருமை குறைந்தது என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த நேரம் பார்த்து மோளச் சத்தத்தில் அபி எழுந்து வந்து நடையில் நின்றது. நைட்டியோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு. சுருட்டை முடி தலையைச் சுற்றிக் கலைந்து நின்றது. "போன்ழூர் மாமா" என்றது வழக்கம்போல.

கமலக்கண்ணன் அதைப் பார்த்தார். ஐந்து நாளில் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார்.

"இங்க வா" என்றார்.

ஆதிலட்சுமிக்குக் கோலமாவு கையிலேயே நின்றுவிட்டது. அவர் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கோட்டைக் கொண்டுவந்து உதறினார். குழந்தையின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். தன் கையால் கோட்டை மாட்டி, ஒவ்வொரு பித்தானாகப் போட்டுவிட்டார். கோட்டு அபியின் கால்விரல் வரை தொங்கியது.

"எங்க தாத்தாவோட கோட்டு. ஒன்னாண்ட குடுக்குறேன். போட்டுக்கோ."

அபி ஆதிலட்சுமியைப் பார்த்துச் சிரித்தது. பார்த்தாயா, மாமா பேசிவிட்டார் என்கிற சிரிப்பு. ஆதிலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டிய சாமியெல்லாம் ஒன்றாக வந்து கதவைத் தட்டியது போலிருந்தது அவளுக்கு.

"அப்பா, கரி பூச மாட்டோம்னு அத்தைகிட்ட சொன்னீங்களே" என்றான் ராஜ்கமல்.

"பூசலியே. இவளுக்குக் கரி எதுக்கு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சின்னப்பாப்பா துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். ராஜ்கமல் அரைமனதாகச் சிரித்துக்கொண்டே போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினான்.

ஆதிலட்சுமியும் சிரித்தாள். அதை மறைத்து ஆவதில்லை. அவர் குழந்தையைத் தொட்டுவிட்ட சந்தோஷத்தில், சொன்ன வார்த்தை காதில் ஏறவில்லை என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஏறியது. எங்கேயோ கேட்ட வார்த்தை மாதிரிகூட இருந்தது.

"காப்பிரின்னா என்ன?" என்று அபி கேட்டது.

"பேய் மாரி. நீ எல்லாரையும் பயமுறுத்தணும்" என்றான் ராஜ்கமல்.

அபி நன்றாகச் செய்தது. கையைத் தூக்கிக்கொண்டு, கோட்டு தரையைக் கூட்ட, உறுமிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். வேப்பங்கொத்துகள் கோட்டின் முதுகில் விழுந்தன. தடித்த துணி, அடி தெரிந்திருக்காது. சிரிப்பும் உறுமலுமாக அபி வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

"ஆதி, தாழ்ப்பா போடு!" என்று கத்தினார் கமலக்கண்ணன்.

ஆதிலட்சுமி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இருபத்தாறு வருஷப் பழக்கம். கை தன்னால் போய்விட்டது.

"பழசும் போச்சு! காப்பிரியும் போச்சு!" மோளம் வீட்டைத் தூக்கியது.

கதவு தட்டப்பட்டது. உள்ளே இன்னும் சிரிப்பு அதிகமானது. காப்பிரி தட்டுவது வழக்கம்தான்.

"அத்தை! நான் அபி!"

"காப்பிரி பேசுதுடோய்!" என்று ஒரு பையன் கத்தினான். மோளம் இன்னும் வேகமாக அடித்தது.

"அத்தை! நான் அபி! திற!"

அப்போதுதான் ஆதிலட்சுமிக்கு உறைத்தது. சந்து வழியாகப் போய்க் கொல்லைப் பக்கம் வர வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு யாருமே சொல்லவில்லை. அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"இன்னா பண்ற நீ? தொரத்துனத முன்வாசல்ல திரும்ப வுடுவாங்களா? நாளைக்குப் பொங்கலு. சந்து வழியா வரட்டும்" என்றார் கமலக்கண்ணன்.

"கொழந்தைக்கு சந்து தெரியாதுங்க."

"தெரியாம இன்னா? அஞ்சு நாளா அங்கதான வெளையாடுது."

ஆதிலட்சுமி கதவிடுக்கில் வாயை வைத்து, "சந்து வழியா வாடி கண்ணு, பின்னாடி வா" என்றாள். மோளத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. பின்வாசலுக்கு ஓடினாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். முன்கதவைத் திறந்திருக்கலாம். அவரை மீறி அந்த வீட்டில் ஒரு தாழ்ப்பாளை எடுத்துப் பழக்கமில்லாததால் பின்கதவில் நின்றாள்.

சந்தில் யாரும் வரவில்லை. முன்பக்கம் தட்டுகிற சத்தம் மெல்லக் குறைந்து, பிறகு நின்றுபோனது. ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"கதவ தொறங்க."

மேனகாவின் குரல். கத்தவில்லை. அதனாலேயே மோளங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆதிலட்சுமி ஓடிவந்து திறந்தாள்.

வாசற்படியில், எரிந்த சாம்பலுக்குப் பக்கத்தில், அபி கோட்டுக்குள் சுருங்கி உட்கார்ந்திருந்தது. அழுது முடித்த முகம். மேனகாவின் ஒரு கையில் மஞ்சள்கொத்து. மற்றொரு கை மகளின் தலைமேல்.

"தாழ்ப்பா போட்டது யாரு?"

ராஜ்கமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"நான்தான் மேனகா" என்றாள் ஆதிலட்சுமி.

"விளையாட்டும்மா. கோழி மிதிச்சு குஞ்சு சாவுமா?" என்றார் கமலக்கண்ணன். "நான் சொன்ன வாக்க காப்பாத்திட்டேன். பாரு அவ மூஞ்சிய. ஒரு பொட்டு கரி இருக்குதா?"

மேனகா அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "வேலைக்குப் போயி, வர்ற வெள்ளக்காரனுக்கெல்லாம் கதவ தொறந்து வுடுற. என் பொண்ண வெளிய நிக்க வெச்சு சாத்துற. இது வாக்கா?"

"நிக்க வெக்கிலியே! சந்து வழியா வந்திருக்கலாமே!"

"கழட்டுடி அந்த கோட்ட" என்று மேனகா அபியின் பித்தானில் கை வைத்தாள். அபி இரண்டு கையாலும் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"மாட்டேன் மமான். மாமா எனக்குக் குடுத்தாங்க." ஒரு விக்கல். "நான் நல்லா பண்ணேன். எல்லாரும் பயந்தாங்க. இல்ல, அத்தை?"

ஆதிலட்சுமி தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்ய முடியும்?

அபி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டது. "எல்லாருக்கும் கரி பூசுவாங்கன்னு ராஜ் சொன்னான். ராஜ் போன வருஷம் போட்டோ காட்டினான். கறுப்பா இருந்தான். எனக்கு மட்டும் ஏன் கரி வேணாம், அத்தை?"

பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவத் தொடங்கினார்கள். கமலக்கண்ணன் தொண்டையைச் செருமினார். கேள்வி அவரிடம் கேட்கப்படவில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி தெரிந்தது.

"நீயே சொல்லு அண்ணி" என்றாள் மேனகா. "அவளுக்கு ஏன் கரி வேணாம்?"

"எண்ணெக் கரி... கொழந்தை தோலுக்கு ஆவாது. அரிப்பு எடுக்கும்னுதான்..."

"அப்ப எனக்கும் அரிக்கும்னுதானா?" என்றாள் மேனகா.

மேனகா மஞ்சள்கொத்தைப் படியில் வைத்தாள். உள்ளே போய்க் கைப்பையையும் பாஸ்போர்ட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். அபியைத் தூக்கி ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தினாள்.

"குருசுக்குப்பத்துல சுமலதா வூட்ல இருப்பேன்." சுமலதா அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

ஸ்கூட்டர் கிளம்பியபோதுதான் கமலக்கண்ணனுக்கு உயிர் வந்தது. தெருவில் இறங்கி ஓடினார். தங்கையை நிறுத்தத்தான் ஓடுகிறார் என்று ஆதிலட்சுமி ஒரு நொடி நம்பினாள்.

"கோட்டு! ஏய், தாத்தா கோட்ட குடுத்துட்டுப் போ!"

ஸ்கூட்டர் முனையில் திரும்பி மறைந்தது. சின்னப்பாப்பா கோலத்திலிருந்து தலை தூக்காமல், "காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வேற இன்னா சொல்றது" என்றாள். ஆதிலட்சுமி வந்த கோபத்தில் கதவைச் சாத்தினாள்.

வீட்டில் நாளைக்குப் பொங்கல் வேலை மலையாகக் கிடந்தது. பானையைத் துலக்கினாள். அடுப்பு வைக்கிற இடத்தை மெழுகினாள். முதல் பிடி அரிசியைப் பானையில் இடுவது அந்த வீட்டில் பிறந்த பெண்ணின் உரிமை. எட்டு வருஷமாக அந்தப் பிடியை ஆதிலட்சுமிதான் போட்டுவந்தாள். இந்த வருஷம் மேனகா போடுவாள் என்று பச்சரிசியை அவளே நேற்றுப் புடைத்து வைத்திருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ராஜ்கமல் வந்து பக்கத்தில் நின்றான்.

"அம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேன். அந்த வீடியோவ நம்ம குடும்ப குரூப்ல போட்டுட்டேன். காலையிலியே. அப்ப அத்தை வரல."

"அழிச்சிரு."

"அழிச்சிட்டேன். அதுக்குள்ள ஜூலியன் மாமா பாத்துட்டாரு."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நாளைக்கு ராத்திரி அவருக்கு பிளைட்டு."

ஆதிலட்சுமி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேனகாவைப் போனில் கூப்பிட்டாள். நாலாவது தடவைதான் அவள் எடுத்தாள்.

"நாளைக்கு வந்துருடி. ஒனக்குத்தான் அரிசி பொடைச்சி வெச்சிருக்கேன். ஒன் கையால வுழணும்."

"வர்றேன் அண்ணி." குரல் களைத்துப்போயிருந்தது. "அபி காலையிலேருந்து அதையே கேட்டுக்கிட்டிருக்கா. எனக்கு மட்டும் ஏன் வேணாம்னு. எனக்கு பதில் தெரியும். ஆனா அத நான் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தைய சொன்னவங்க, கொழந்தைய உக்கார வெச்சி, உண்மைய சொல்லட்டும். தப்புன்னு சொல்லட்டும். நானே வந்து அரிசி போடுறேன். இல்லன்னா ஜூலியனையும் வர வேணாம்னு சொல்லிட்டு, நான் கெளம்பிர்றேன்."

அப்புறம், "இந்தத் தடவ போனா அவ்ளோதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கமலக்கண்ணன் இரண்டு மணி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கண்ணாடி முன் நின்று சீருடைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் குழந்தைக்குப் போட்ட அதே விரல்கள்.

"மேனகா வரணும்னா நீங்க அந்தக் கொழந்தைகிட்ட பேசணும்."

"இன்னா பேசணும்?"

"'இவளுக்குக் கரி எதுக்கு'ன்னு சொன்னது தப்புன்னு."

"எங்க போவா? நாளைக்கு தானா வருவா." பித்தான் போட்டு முடித்தார்.

"வர மாட்டா. இந்தத் தடவ போனா திரும்ப மாட்டா. ஒரு கொழந்தைய பாத்து அப்படி ஒரு வார்த்தைய எப்படிங்க சொன்னீங்க? எங்கேருந்து வந்துச்சி ஒங்களுக்கு?"

இருபத்தாறு வருஷத்தில் அவள் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கமலக்கண்ணன் திரும்பினார். அவர் முகத்தில் கோபமில்லை. நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது.

"இன்னா ஆதி, மறந்துட்டியா? அது நான் சொன்னதா? நம்ம வூட்ல அத மொதல்ல சொன்னதே நீதான?"

தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். ஆதிலட்சுமி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

ஆமாம். அவள்தான்.

ஆவணியில் கல்யாணமாகி, பாகூரிலிருந்து வந்து, மார்கழிக் கடைசியில் வந்த முதல் போகி. இருபத்திரண்டு வயது. ஐந்து மாதமாக அந்த வீட்டில் யாரும் அவளோடு சிரித்துப் பேசியதில்லை. குழம்பில் குற்றம், நடையில் குற்றம், பட்டிக்காடு என்று பேச்சு. அன்றைக்குப் பத்து வயது மேனகா, நான்தான் காப்பிரி என்று அடம்பிடித்துக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். வீட்டிலேயே கறுத்த பிள்ளை. மாமியார் கொட்டாங்குச்சியில் கரி குழைத்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்குக் கரி எதுக்கு அத்தை? அப்படியே அனுப்புங்க" என்றாள் புது மருமகள்.

வீடே வெடித்துச் சிரித்தது. மாமனார் சிரித்தார். மாமியார் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "வாயாடி! இவதான் நம்ம வூட்டுக்கு ஏத்தவ" என்று அவள் கன்னத்தைத் தட்டினார். அன்றைக்குத்தான் முதல் முறையாக அவளையும் கூட உட்கார வைத்துச் சாப்பிட்டார்கள். அதன் பிறகு ஆறு போகிக்கு மேனகாதான் காப்பிரி. ஒரு வருஷமும் கரி கிடையாது. ஒவ்வொரு வருஷமும் அந்த வார்த்தையை யாராவது சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். மேனகாவும் சிரித்தாள்.

சொன்னவர்கள் வந்து சொல்லட்டும் என்று மேனகா சொன்னது அண்ணனை இல்லை. 'நீயே சொல்லு அண்ணி' என்று காலையில் கேட்டபோதே அவள் கேட்டது இதைத்தான். அவள் எதையும் மறந்திருக்கவில்லை.

மடியில் போன் அடித்தது. மேனகாவின் எண். எடுத்துக் காதில் வைத்தாள்.

பேசியது மேனகா இல்லை.

"அத்தை, நான் அபி" என்றது மறுமுனை.

காலையில் கதவுக்கு வெளியே நின்று சொன்ன அதே வார்த்தை. இப்போது மோளம் இல்லை, நன்றாகக் கேட்டது.

"கோட்டு இன்னும் போட்டுட்டுதான் இருக்கேன். மமான் சொன்னாங்க, எனக்கு ஏன் கரி வேணாம்னு உங்களுக்குத்தான் தெரியுமாம். சொல்றீங்களா?"

ஆதிலட்சுமி வாயைத் திறந்தாள்.